எஸ்டேட் பிக்கப்புக்குக் கனமான பின் அச்சு: ஏற்காட்டு வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி

சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் இருக்கும் ஒரு காபித் தோட்டத்தின் டீசல் பிக்கப் இது. 1998-ல் பதிவானது. நான்கு கியர், பின் சக்கர இழுவை மட்டும், நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நான்கு பக்கமும் டிரம் பிரேக். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலத்தில் காபி மூட்டையோடு கீழே இறங்கும். மற்ற மாதங்களில் உரம், சிமெண்ட், பைப் என்று சேலத்திலிருந்து மேலே ஏறும். தோட்டத்து மண் ரோடு, ஏற்காடு, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அடிவாரம், பிறகு கோரிமேடு, அஸ்தம்பட்டி. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் மட்டும் 1,100 மீட்டருக்கு மேல்.

புது வண்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தோட்டக்காரரையும் பலர் கேட்டிருக்கிறார்கள். மழை நாளில் மண் ரோட்டில் சென்சார் ஒயரில் தண்ணீர் ஏறி நின்றுவிட்டால் மேலே வந்து பார்க்க ஆள் கிடையாது, இதை ஸ்பேனரும் சுத்தியலும் வைத்து ஓட்டிவிடலாம் என்பது அவர் பதில். இன்ஜின் நல்ல நிலையில் இருந்தது, சேஸ் துருப்பிடிக்கவில்லை. அதனால் பழுது பார்ப்பது என்று முடிவாகி வண்டி சேலத்தில் எங்கள் பட்டறைக்கு வந்தது.

உடைந்த விதம்

உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது, இடது பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசியில் முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. 'டக்'கென்று ஒரு சத்தம், அடுத்த நொடி இன்ஜின் சும்மா உறுமுகிறது, வண்டி நகரவில்லை. டிரைவர் பிரேக்கை மிதித்தால் பெடல் தரைவரை போகிறது. கைப்பிரேக் வலது பின் சக்கரத்தை மட்டும் பிடித்தது. கிளீனர் குதித்து முன் சக்கரத்துக்குப் பின்னால் கல் போட்டிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் டிரம்மோடு சேர்ந்து வெளியே வந்து மட்கார்டில் சாய்ந்து நிற்கிறது. முழுக்கக் கழன்று பள்ளத்தில் உருளாததற்குக் காரணம், டிரம்முக்குள் பிரேக் ஷூ மாட்டிக்கொண்டது. அப்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளப்பட்டுப் பிரேக் ஆயில் முழுக்கக் கொட்டிவிட்டது. பெடல் தரைக்குப் போனது அதனால்தான்.

இந்த வண்டிக்கு இது முதல் முறை அல்ல. சில வருடம் முன்பும் அதே இடது ஆக்சில் ஷாஃப்ட் (பின் அச்சுக்குள் இருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டு) உடைந்து, புதுசு போட்டிருக்கிறார்கள். "பெரிய வண்டி ஹவுசிங்கைத் தூக்கி மாட்டிடுங்க" என்று தோட்டக்காரர் சொன்னதற்கு இந்த இரண்டாவது உடைப்புதான் காரணம். ஹவுசிங் என்பது ஷாஃப்டும் பல் சக்கரங்களும் உள்ளே இருக்கும் பின் அச்சின் கூடு.

முறிந்த முகம்

மாட்டுவதற்கு முன் உடைந்த துண்டைக் கழுவிப் பார்த்தோம். பட்டறைகளில் இதை யாரும் செய்வதில்லை. உடைந்த ஷாஃப்ட் நேராகப் பழைய இரும்புக்குப் போய்விடும். அதில் படிக்க நிறைய இருக்கிறது.

உடைந்தது பேரிங் உட்காரும் இடத்தின் வெளி ஓரத்தில், அதாவது பேரிங்குக்கும் சக்கரம் மாட்டும் பிளேஞ்சுக்கும் நடுவில். முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக, கருத்துப்போய் இருந்தது. அந்த வழவழப்பில் ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்ட வளைகோடுகள், ஒன்றுக்கு வெளியே ஒன்றாக, நகக்கண் பிறை மாதிரி நெருங்கி நின்றன. எதிர்ப்பக்கம் கால் பங்கு மட்டும் சொரசொரப்பாக, உப்புக்கல் போட்டது போல மின்னியது. வளைகோடு உள்ள பகுதி கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் கீறல் நகர்ந்த இடம். மின்னும் பகுதி கடைசியாக ஒரே இழுப்பில் பிய்ந்த இடம். முறுக்கு தாங்காமல் உடைந்திருந்தால் ஷாஃப்டின் உள்முனையில் இருக்கும் ஸ்ப்ளைன் பற்கள் திருகியிருக்கும், முறிவும் சாய்வாகச் சுற்றி ஓடியிருக்கும். இங்கே ஸ்ப்ளைன் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது.

ஆக இன்ஜின் இழுத்த இழுப்பில் இது உடையவில்லை. வளைவு விசையில், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் மேலும் கீழும் மாறி மாறி வளைந்து களைத்து உடைந்திருக்கிறது.

கோடுகள் புறப்பட்ட அந்தப் புள்ளியை லென்ஸ் வைத்துப் பார்த்த மேஸ்திரி, ஒன்றும் சொல்லாமல் ஷாஃப்டை என் பக்கம் திருப்பினார். குறுக்காக ஒரு சிறு வெட்டு. போன தடவை பேரிங்கை அடக்கும் வளையம் கழறாமல் அடம்பிடித்தபோது யாரோ உளி வைத்து வெட்டியிருக்கிறார்கள். வளையத்தோடு நிற்காமல் உளி ஷாஃப்டையும் தொட்டிருக்கிறது. நகத்தால் வருடினால் தட்டுப்படும் அளவுதான். களைப்பு முறிவுக்கு அது போதும்.

எடை மேடையில்

உளி வெட்டு கீறலின் தொடக்கம். அது ஓடிய வேகத்துக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். தோட்டத்தில் வழக்கமாக எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, 50 கிலோ மூட்டை 26 என்றார் டிரைவர். தற்காலிகமாக ஷாஃப்ட் போட்டு, அதே அளவு எடை ஏற்றி, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எடை மேடைக்குக் கொண்டுபோனோம். முதலில் முழு வண்டி, பிறகு பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை. இரண்டு சீட்டு வாங்கினால் முன்பின் பங்கு தெரிந்துவிடும். மொத்தம் 2,950 கிலோ, பின்னால் 1,870. ஆர்.சி.யில் மொத்த எடை 2,670. சட்டப்படி 20 மூட்டைதான் ஏறும்; ஆறு மூட்டை கூடுதல், அதுவும் பெரும்பாலும் பின் அச்சுக்கு மேலே.

அடுத்தது டிஸ்க், அதாவது டயர் மாட்டும் இரும்புச் சக்கரம். முந்தைய சொந்தக்காரர் அகல டயருக்காக வெளியே தள்ளிய டிஸ்க் போட்டிருந்தார். பார்க்க வண்டி அகலமாக, கம்பீரமாக இருக்கும். அளந்தபோது, பேரிங் நடுவிலிருந்து டயர் நடு வரை கம்பெனி டிஸ்க்கில் 4 செ.மீ. இருக்க வேண்டியது 6.5 செ.மீ. இருந்தது. சக்கரம், டிரம் எடை போகப் பக்கத்துக்கு 900 கிலோ என்று வைத்துக்கொண்டால், நேர்ரோட்டில் ஷாஃப்டை வளைக்கும் விசை 900 × 0.04 = 36 கிலோ-மீட்டர். தள்ளிய டிஸ்க்கில் 900 × 0.065 = 58.5. ஒரு கிலோ கூட ஏற்றாமல், டிஸ்க்கை மாற்றியதில் மட்டும் அறுபது சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

வளைவில் கதை இன்னும் மோசம். வளைவின் உள்பக்கச் சக்கரத்தில் எடை குறையும், 650 கிலோ என்று வைப்போம். ஆனால் ரோடு டயரைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அங்கே எடை வளைக்கும் திசையிலேயே வளைக்கும். எடையில் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டு விசை, டயர் ஆரம் 36 செ.மீ. என்றால் 650 × 0.2 × 0.36 = 46.8. எடையால் வருவது 650 × 0.065 = 42. கூட்டினால் 89 கிலோ-மீட்டருக்கு அருகில். கம்பெனி டிஸ்க்கோடு நேர்ரோட்டில் வருவதைப் போல இரண்டரை மடங்கு. வெளிப்பக்கச் சக்கரத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்வதால் இந்த அளவுக்குப் போகாது. இடது ஷாஃப்ட் இடது வளைவில் உடைந்ததில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்படியானால் அச்சை ஏன் மாற்ற வேண்டும்

நியாயமான கேள்வி. இதே அச்சுக்கு நல்ல ஷாஃப்ட், கம்பெனி டிஸ்க், 20 மூட்டை என்று வைத்தால் இன்னும் பல வருடம் ஓடும். என் கருத்து அதுதான், தோட்டக்காரரிடம் அப்படியேதான் சொன்னேன். அவர் கேட்டது வேறு: "ஷாஃப்ட் உடையட்டும்ங்க, இரும்புதானே. சக்கரம் ஏன் கழலணும்?"

அந்தக் கேள்விக்குப் பழைய அச்சில் பதில் இல்லை. அது செமி ஃப்ளோட்டிங் வகை. சக்கரம் ஷாஃப்டின் முனையிலேயே மாட்டப்பட்டிருக்கும். வண்டியின் எடையைத் தாங்குவதும் சக்கரத்தைச் சுற்றுவதும் அந்த ஒரே ஷாஃப்ட். பேரிங்குக்கு வெளியே அது உடைந்தால் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை. ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் ஹவுசிங் குழாயின் முனையே நீண்டு வந்து, அதன் மேல் இரண்டு டேப்பர் பேரிங்கில், சக்கரம் மாட்டும் ஹப் சுற்றும். எடை முழுவதும் ஹவுசிங் மேல். ஷாஃப்ட் குழாய்க்குள் மிதந்தபடி முறுக்கை மட்டும் கடத்தும். உடைந்தால் வண்டி இழுக்காது, அவ்வளவுதான். சக்கரம் தன் இடத்தில் இருக்கும், அந்தப் பக்கத்துப் பிரேக்கும் பிடிக்கும். ஜாக்கி கூடப் போடாமல் பிளேஞ்ச் போல்ட்டுகளைக் கழற்றி ஷாஃப்டை உருவிவிடலாம். லாரிகளில் ஹப் நடுவில் போல்ட் வட்டத்தோடு துருத்திக்கொண்டு தெரிவது இந்த ஏற்பாடுதான்.

மலையில் ஓடும் வண்டிக்கு இது போதுமான காரணம். ஆனால் இந்தக் காரணத்துக்காக மட்டும்தான் மாற்றுகிறோம், எடை கூட்டுவதற்காக அல்ல என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு வந்த எல்லா முடிவுக்கும், பல் எண்ணிக்கையிலிருந்து பிரேக் சிலிண்டர் வரை, அந்த ஒரு வரி அளவுகோலாக இருந்தது.

டிரைவருக்கு அது உடனே பிடிபடவில்லை. "மேஸ்திரி, இதுதான் லாரி ஆக்சில் மாதிரின்னு சொல்றீங்களே, இன்னும் ஆறு மூட்ட சேத்திப் போட்டா என்னாகும்ங்க?"

"ஏத்திரலாம் தம்பி. எறக்கறது யாரு? இருபது கொண்டையிலயும் பிரேக்க நீதான புடிக்கோணும்."

ஹவுசிங் தேடியது

கூடுதல் எடை ஏற்றும் பிக்கப்பின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஹவுசிங் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். சங்ககிரி, நாமக்கல் இரண்டும் லாரித் தொழில் ஊர்கள். சேலத்தைச் சுற்றிக் கனரகச் சாமானுக்குப் பஞ்சமில்லை. கிடைப்பதில் எது நேரானது என்பதுதான் சிக்கல். முதலில் பார்த்த ஒன்று பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. லேத்தில் இரண்டு முனையையும் சென்டரில் பிடித்து டயல் கேஜ் வைத்துச் சுற்றியதில் குழாய் நடுவிலிருந்தே வளைந்திருந்தது. அளவுக்கு மீறிய எடையோடு பள்ளத்தில் விழுந்த வண்டியினுடையதாக இருக்கும். வளைந்த ஹவுசிங்கில் இரண்டு டயரும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ கோணி நிற்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும், ஷாஃப்ட் ஸ்ப்ளைன் சாய்ந்து உரசும். இரண்டாவது ஹவுசிங் அழுக்காக இருந்தது, நேராக இருந்தது. பேரிங் உட்காரும் முனைகளில் சூட்டில் நீலம் பாய்ந்த தடம் இல்லை. அதையே எடுத்தோம்.

பழையதை விட ஒரு பக்கத்துக்கு 20 மி.மீ. அகலம். கம்பெனி டிஸ்க்குக்குத் திரும்புவதால் டயர் மட்கார்டுக்குள்ளேயே நிற்கும். ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம், பழையதும் புதியதும் ஒன்றே. ஆனால் துருத்தி நிற்கும் ஹப் பழைய டிஸ்க்கின் நடு ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைக் கடைந்து பெரிதாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. டிஸ்க்கில் நடுப்பகுதி இரும்பைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓட்டை பெரிதான டிஸ்க்காகவே ஐந்து வாங்கினோம். கூம்பு நட்டுதான் டிஸ்க்கை மையத்தில் நிறுத்துகிறது என்பதால் அவை முன் ஹப்பிலும் சரியாக உட்கார்ந்தன. ஸ்டெப்னி ஒன்றே போதும் என்றானது.

பல் எண்ணிக்கை

அச்சின் நடுவில் சிறிய பல் சக்கரமான பினியன், பெரிய பல் சக்கரமான கிரவுனைச் சுற்றும். வாங்கிய ஹவுசிங்கில் கிரவுன் 37 பல், பினியன் 9 பல், விகிதம் 4.11; பினியன் 4.11 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பழையதில் 39-க்கு 8, அதாவது 4.875. அப்படியே மாட்டியிருந்தால் ஒவ்வொரு கியரிலும் இழுவை பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். சமதளத்தில் இன்ஜின் நிதானமாக ஓடும், டீசலும் கொஞ்சம் மிச்சமாகும். பைபாஸ் வண்டி என்றால் நானே அதை விட்டிருப்பேன். மலையில் முதல் கியரில் கொண்டை ஊசி ஏறும்போது கிளட்ச்சைப் பாதி மிதித்து ஏற்ற வேண்டிவரும், சீசன் முடிவதற்குள் கிளட்ச் பிளேட் போய்விடும்.

பலர் யோசிக்காதது இறக்கம். இந்த வண்டியின் இரண்டாவது கியர் விகிதம் 2.4, டயர் ஒரு சுற்றுக்கு 2.26 மீட்டர் போகும். இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து நிறுத்தும்போது 4.875 விகிதத்தில் வேகம் மணிக்கு 29 கி.மீ. அதுவே 4.11-ல் 34 கி.மீ. அந்த ஐந்து கிலோமீட்டரைப் பிரேக்தான் விழுங்க வேண்டும், வளைவுக்கு வளைவு.

அதனால் 39-8 ஜோடியைப் புதிதாக வாங்கி அந்த ஹவுசிங்கில் உட்கார வைத்தோம். கிரவுன், பினியன் எப்போதும் ஜோடியாகவே வரும், ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்துப் பினியன் ஆழத்தைச் சரிசெய்து, பல்லிடை ஆட்டத்தை டயல் கேஜில் 0.15-க்கும் 0.20 மி.மீ.க்கும் நடுவில் நிறுத்தி, பற்களில் நீல மை தடவிச் சுற்றிப் பார்த்தோம். முதல் தடம் பல்லின் அடியில் விழுந்தது, பினியன் ஆழமாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். ஷிம் குறைத்து மறுபடி. மேஸ்திரி இந்த வேலையின்போது ரேடியோவைக்கூட நிறுத்திவிடுவார். தடம் பல்லின் நடுவில் வந்த பிறகுதான் டீ வந்தது.

விகிதம் மாறாததில் ஒரு சௌகரியம், ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டியதில்லை. 4.11-ல் விட்டிருந்தால் முள் 40 காட்டும்போது வண்டி உண்மையில் 47-ல் போய்க்கொண்டிருக்கும்.

பட்டை, கோணம், ஜாயிண்ட்

பட்டை உட்காரும் மேடைகள் இந்த வண்டியின் சேஸ் அகலத்துக்குப் பொருந்தவில்லை. வெட்டியெடுத்து உள்ளே தள்ளி வெல்டு வைக்க வேண்டும். பலர் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்த நிலையிலேயே கோணம் பார்த்து முழு வெல்டும் வைத்துவிடுவார்கள். கீழே இறக்கினால் பட்டை அமுங்கிக் கோணம் மாறியிருக்கும். நாங்கள் மேடைகளை யு போல்ட்டில் மட்டும் இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி, பாதி எடை ஏற்றிய பிறகு அளந்தோம். கியர்பாக்ஸின் பின்முனை கீழ்நோக்கி 4 டிகிரி சாய்ந்திருந்தது. கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் தண்டுதான் ஜாயிண்ட். அதன் இரு முனையிலும் மடங்கிக் கொடுக்கும் கிராஸ் இரண்டும் சமமாக வேலை செய்ய பினியன் மூக்கு அதற்கு இணையாக மேல்நோக்கி 4 டிகிரி நிற்க வேண்டும். ஆனால் ஏற்றத்தில் முறுக்கு வரும்போது பட்டை முறுக்கிக்கொண்டு மூக்கைத் தூக்கும். அதற்கு இடம் விட்டு 2.5 டிகிரியில் வைத்துப் புள்ளி வெல்டு போட்டோம்.

பிறகு கழற்றி, ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு வெல்டு. 7018 வெல்டிங் ராடைச் சூடுகாட்டி உலர்த்தி, ஒரு பக்கம் இரண்டு அங்குலம், ஆறியதும் மறுபக்கம் இரண்டு அங்குலம் என்று மாற்றி மாற்றி. ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் அந்தப் பக்கம் வளையும். எர்த் கிளாம்ப்பைக் குழாயிலேயே மாட்ட வேண்டும். மின்சாரம் பேரிங் வழியாகப் போனால் அதன் உருளைகளில் குழி விழும், ஒரு மாதத்தில் ஊளையிட ஆரம்பிக்கும். முடிந்ததும் மறுபடி லேத்தில் ஏற்றி நேர் பார்த்தோம்.

புதிய பினியன் கழுத்து நீளம் என்பதால் ஜாயிண்ட் குழாயை 35 மி.மீ. குறைத்தோம். இரண்டு முனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்கிறதா பார்த்து வெல்டு, பிறகு பேலன்ஸிங். யு போல்ட் புதுசு. குழாய் தடிமன் வேறு, பழையது பொருந்தாது, பொருந்தினாலும் ஒருமுறை இறுக்கிய யு போல்ட்டை மறுபடி போடக் கூடாது.

இன்னொரு பட்டை சேர்க்கச் சொல்லித் தோட்டக்காரர் கேட்டார். அதை மறுத்துவிட்டேன். அது கோணத்தைக் கெடுக்கும், காலி வண்டியைத் துள்ள வைக்கும். அதைவிட, பட்டை நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால் ஏற்றுகிற கை நிற்காது.

பிரேக்

அச்சு மாற்றத்தில் உயிருக்கு ஆபத்தான இடம் இது. வாங்கிய ஹவுசிங்கில் டிரம் 11 அங்குலம், பழையதில் 10. வீல் சிலிண்டர் 1 அங்குலம், பழையதில் 7/8. பார்ப்பவர் எல்லோரும் "பெரிய பிரேக், நல்லதுதானே" என்றார்கள். கணக்குப் போட்டால், சிலிண்டர் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் கூடும், எனவே 31 சதவீதம். டிரம்முக்கு 10 சதவீதம். ஒரே மிதிக்குப் பின் பிரேக் கிட்டத்தட்ட 44 சதவீதம் கூடுதலாகப் பிடிக்கும், முன் பிரேக் பழையபடியே. மூட்டை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பனியில் நனைந்த ரோட்டில் மிதித்தால், எடையில்லாத பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும். பின் சக்கரம் பூட்டினால் வண்டியின் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும். கொண்டை ஊசியில் அதற்கு இடம் கிடையாது. பெரிய சிலிண்டருக்கு ஆயிலும் அதிகம் வேண்டும், பெடல் இன்னும் ஆழமாக இறங்கும்.

அதே பேக் பிளேட்டில் உட்காரும் 7/8 அங்குலச் சிலிண்டர் கிடைத்தது, அதைப் போட்டோம். பெரிய டிரம் தரும் அந்தப் பத்து சதவீதம் மிச்சம் இருந்தது. பின் எடைக்கு ஏற்ப அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றைச் சேஸில் மாட்டி, அதன் கம்பியை அச்சோடு இணைத்தோம். காலியாக இருக்கும்போது சேஸ் உயர்ந்து வால்வு பின் பிரேக்கைக் குறைக்கும். எடை ஏறினால் திறந்துவிடும். பெரிய டிரம்மை வைத்துக்கொண்டதற்குக் காரணம் பிடி அல்ல, சூடு. 2,670 கிலோ வண்டி 1,100 மீட்டர் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கியரில் இறக்கினால் இதில் பெரும்பகுதி இன்ஜினுக்குப் போகும். நியூட்ரலில் விட்டால் அவ்வளவும் நான்கு டிரம்மில்தான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் பழக்கம் நம் பக்கத்து டிரைவர்களிடம் இன்னும் இருக்கிறது. லைனர் கருகும் வாசனை அடிவாரத்தில் நின்றால் தெரியும்.

கைப்பிரேக் கேபிளை இழுக்கும் லீவர் எதிர்ப்பக்கம் இருந்ததால் ஒரு பிராக்கெட் செய்ய வேண்டியிருந்தது. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. சரக்கு வண்டியின் ஆர்.சி.யில் மொத்த எடையோடு ஒவ்வொரு அச்சுக்கும் உரிய எடையும் பதிவாகியிருக்கும். கனமான அச்சு மாட்டியதால் அந்த எண் ஒரு கிலோ கூட உயராது. எடை மீறினால் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய். வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அனுமதி வந்த பிறகே பழைய அச்சைக் கழற்றினோம். இன்சூரன்ஸுக்கும் கடிதம் போனது. எஃப்.சி. (தகுதிச் சான்று) அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் அடியில் படுத்துப் பார்த்து வெல்டைத் தட்டிக் கேட்பதைவிட இது மேல்.

ஓட்டிப் பார்த்தது

புதுப் பல் ஜோடிக்கு முதல் ஓட்டம் காலியாக, சமதளத்தில். கொண்டலாம்பட்டி வரை போய், நிறுத்தி, ஹவுசிங்கில் கை வைத்துப் பார்த்தோம். கை தாங்கும் சூடு. ஆறவிட்டு மறுபடி. பிறகு பாதி எடை, பிறகு மலை. கொஞ்சம் ஓடியதும் யு போல்ட் மறு இறுக்கம். எல்லாவற்றிலும் கால் சுற்று இறங்கியது. முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டு ஜி.எல்-5 தர ஆயில் புதிதாக ஊற்றினோம். வடித்த ஆயிலில் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தது, அது புதுப் பல்லுக்கு இயல்பு. துணுக்கு எதுவும் இல்லை.

காலி வண்டி முன்பை விடத் தூக்கிப் போடுகிறது. அச்சின் எடை கூடிவிட்டது, அது பட்டைக்குக் கீழே இருக்கும் எடை, வேறு வழியில்லை. மண் ரோட்டில் இதை டிரைவர் குறையாகவே சொல்கிறார், சரியான குறைதான். இறக்கத்தில் பெடல் உயரமாக, கெட்டியாக இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். செலவைப் பொறுத்தவரை, ஹவுசிங் வாங்கிய விலையை விட அதைச் சுற்றிச் செய்த வேலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. "ஹவுசிங் மலிவா கிடைச்சிருச்சு" என்று ஆரம்பிக்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது.

சீசன் முடிந்ததும் வண்டி மறுபடி வந்தது. ஹப் பேரிங் ஆட்டம் சரி, சீல் கசியவில்லை, ஹவுசிங்கின் மூச்சுக் குழாய் மட்டும் மண்ணில் அடைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு ஹோஸ் போட்டுச் சேஸ் மேலே கொண்டுபோய்க் கட்டினோம். சுத்தம் செய்யும்போது வேறொன்று கண்ணில் பட்டது: இடது பட்டையின் முன் ஹேங்கரில், சேஸோடு சேரும் ரிவெட் ஒன்றைச் சுற்றித் துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தது. ரிவெட் தளர்ந்து உள்ளே உரசுகிறது என்பதற்கு அடையாளம். முன்பு ஷாஃப்ட் வாங்கிய அடி இப்போது ஒரு படி மேலே போயிருக்கிறது. ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, ஓட்டைகளை ரீமர் போட்டு, இறுக்கமாக உட்காரும் உயர்தர போல்ட் போட்டோம். வலது பக்கத்திலும் அதையே செய்தோம், அங்கே கசிவு இல்லை என்றாலும். அடுத்த சர்வீஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம் என்று வண்டியின் நோட்டில் அந்த ஹேங்கரை எழுதி, பக்கத்தில் எடை மேடைச் சீட்டின் நகலை ஒட்டி வைத்திருக்கிறது.